ஒரே பக்கம் சாய்ந்த விலைகள்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. விலைப்பட்டியல் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளூர மகிழ்ச்சிதான். யாராவது கையில் முட்டையோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டால் போதும். "டஜன் எவ்வளவு சொன்னான்?" என்று ஆரம்பிப்பார். பதில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, நாற்பது வருடத்துக்கு முன்னால் முட்டை என்ன, சர்க்கரை என்ன, சோப்பு என்ன என்று மடமடவென்று ஒப்பிப்பார். மேல்மாடிக்காரர்கள் சிலர் படியேறப் பழகிக்கொண்டதற்கு உடற்பயிற்சி மட்டும் காரணமில்லை.

முப்பத்தைந்து வருடம் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தவர். மற்றவர்கள் கடைந்து தரும் திருகாணிகளை அளந்து பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வது வேலை. மயிரிழை கூடினாலும் தூக்கிப் போட்டுவிடுவார். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்தது. மாலை ஆறு மணிக்கு வந்து, கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், "இன்னைக்கு என்னென்ன வாங்கின, என்ன விலை?" என்று மனைவியைக் கேட்பார். அவள் நின்றுகொண்டே ஒன்றுவிடாமல் சொல்வாள். அவர் மனதில் ஏற்றிக்கொள்வார். அப்படிச் சேர்ந்ததுதான் இந்தப் பட்டியல்.

இதே பட்டியலால்தான் ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காரியம் கெட்டது. மகள் வந்திருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், வேறு வீடு பார்த்தால் முன்பணம் கொஞ்சம் குறைகிறது என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அவரிடம் பணம் இருந்தது. கொடுத்தும் இருப்பார். சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், அதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"என் ஒரு சம்பளத்துல மூணு பேரும் சாப்பிட்டோம், உன்னையும் படிக்க வெச்சேன். ரெண்டு சம்பளம் வாங்கியும் முடியலன்னா தப்பு விலைவாசியில இல்லம்மா, உங்க கையில இருக்கு."

மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு அம்மாவின் போனில் மட்டும் பேசுகிறாள். இவர் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்கிறது. அது அவரைத் தின்றது. பேரப்பிள்ளைகளின் குரல் மனைவியின் போனிலிருந்து கசியும்போது, பத்திரிகை படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பார். ஆனால் மன்னிப்புக் கேட்கத்தான் மனம் வரவில்லை. சொன்ன கணக்கு சரியாக இருக்கும்போது எதற்குக் கேட்பது என்று வீம்பு.

இந்த நிலையில் குடியிருப்போர் சங்கம் ஆண்டு மலர் போட முடிவு செய்து, அவருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியது. நாற்பது பொருள், நாற்பது வருடத்துக்கு முந்தைய விலை. ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் சங்கச் செயலாளர் வந்து கதவைத் தட்டினார். ஓய்வு பெற்ற நர்ஸ் அவர். யாருக்கும் வலிக்காமல் ஊசி போட்டே பழகிய கை.

"அண்ணா, கோவிச்சுக்கக் கூடாது. எங்கப்பாவோட பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில விரிச்சிருந்த பேப்பருக்குக் கீழே இந்த மளிகை பில் கிடந்துச்சு. நீங்க எழுதின அதே வருஷம். ஆனா சர்க்கரை நாலு பத்துன்னு போட்டிருக்கு. நீங்க மூணே காலுன்னு எழுதியிருக்கீங்க."

"எந்தக் கடை? ஏமாத்துக்காரக் கடையா இருக்கும்."

"எண்ணெய், சோப்பு, பருப்பு எல்லாமே இடிக்குதேண்ணா."

"ரெண்டு நாள் பொறுங்க. நிரூபிச்சுக் காட்டறேன்," என்றார்.

மறுநாள் காலையிலேயே நூலகத்துக்குப் போனார். அந்த வருடத்துப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகத் தைத்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் சந்தை நிலவரம் என்று ஒரு பத்தி வந்திருந்தது. சர்க்கரை நாலு. எண்ணெய் ஒன்பது, அவர் எழுதியது ஏழு. சோப்பு ஒன்று இருபது, அவர் எழுதியது தொண்ணூறு காசு. முதல் பக்கத்தில் வியர்த்தது. பத்தாம் பக்கத்தில் வியர்வை அடங்கி வேறொன்று பிடித்துக்கொண்டது. ஆராய்கிறவனுக்கு வரும் அரிப்பு அது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டையும் மறந்து, ஒவ்வொரு பொருளாகத் தேடினார்.

முப்பத்தொரு பொருளுக்கு விலை கிடைத்தது. ஒன்பது சரி, இருபத்திரண்டு தப்பு. நினைவு மங்கிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மங்கிய நினைவு ஒரு விலையைக் கூட்டும், ஒன்றைக் குறைக்கும். இங்கே இருபத்திரண்டும் குறைவு, ஒன்றுகூட அதிகமில்லை. தொழிற்சாலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பிழை இரண்டு பக்கமும் சிதறினால் கடைந்தவனைப் பிடி. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அளக்கும் கருவியைப் பிடி.

சரியாக இருந்த ஒன்பதையும் தனியே எழுதிப் பார்த்தார். பஸ் டிக்கெட், சவர பிளேடு, சினிமா டிக்கெட், தபால் அட்டை, பத்திரிகை. எல்லாம் அவர் கையால் காசு கொடுத்து வாங்கியவை. தப்பான இருபத்திரண்டும் மனைவி வாங்கி வந்து ஒப்பித்தவை.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூலகர் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா, அந்தக் காலத்துல சர்க்கரை என்ன விலை?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மடித்த துண்டைத் தொடையில் வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

"ஏன் பொய் சொன்ன?"

"பின்ன? கல்யாணமான புதுசுல ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். சோப்பு ஒண்ணு இருபதுன்னு. கொள்ளையடிக்கிறான்னு கத்திக்கிட்டு, அந்தச் சோப்பையே எடுத்துட்டுப் போய்க் கடையில திருப்பிக் கொடுத்துட்டு வந்தீங்க. நான் தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு, சோப்பு வரும் சோப்பு வரும்னு குளியலறையில நின்னுட்டிருந்தேன்."

அவருக்கு அது சுத்தமாக நினைவில்லை. அத்தனை விலையையும் மனதில் வைத்திருந்தவருக்கு, மனைவி ஈரத்தலையோடு நின்றது மட்டும் இல்லை.

"அன்னையிலேருந்து முக்கால்வாசி விலைதான் சொல்வேன். வீடு அமைதியா இருந்துச்சு."

"சரி, மிச்சக் காசு? கடைக்காரன் முக்கால் விலைக்குக் கொடுத்திருக்க மாட்டானே."

"பொத்தான் தைச்சேன்," என்றாள், என்னவோ மழை பெய்தது என்பதுபோல. "கீழ்வீட்டக்கா ஒரு கம்பெனியிலேருந்து மூட்டையா வாங்கிட்டு வருவாங்க. அட்டையில வரிசையா பொத்தான் தைக்கணும், கடையில தொங்குமே, அது. நீங்க கிளம்பினதும் உக்காந்தா நாலு, அஞ்சு மணி வரைக்கும் தைப்பேன். மாசம் எழுபது, எண்பது வரும்."

"எத்தனை வருஷம்?"

"நம்ம பொண்ணு காலேஜ் சேர்ற வரைக்கும்."

"மூட்டையை எங்கே வெச்ச? நான் பார்த்ததே இல்லையே!"

"கட்டிலுக்கு அடியிலதான். உங்க தலைமாட்டுக்கு நேர் கீழே."

மயிரிழைப் பிழையைக் கண்டுபிடித்தவர், பதினெட்டு பத்தொன்பது வருடம் ஒரு மூட்டைப் பொத்தான் மேல் தூங்கி எழுந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெட்கம்தான் மிஞ்சியது. மனைவியை ஏமாற்றுக்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. மகளிடம் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. என் ஒரு சம்பளத்தில் என்று எவ்வளவு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்!

"உன் போனைக் கொடு," என்றார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் மகள். "சொல்லும்மா."

"நான்தான்."

மகள் போனை வைத்துவிடவில்லை. அவர் அவசர அவசரமாகச் சொன்னார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. நம்ம வீட்ல ஒரு சம்பளம் இல்ல, ரெண்டு சம்பளம் வந்திருக்கு. உங்கம்மா பகல்ல பொத்தான் தைச்சிருக்கா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"எனக்கு அப்பவே தெரியும்ப்பா," என்றாள் மகள். "ஸ்கூல் விட்டு வந்து நானும் தைப்பேனே."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்போ அன்னைக்கே ஏன் என் மூஞ்சிக்கு நேரா சொல்லல?"

"அம்மா பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. சொல்லாதேன்னு கண்ணைக் காட்டினாங்க."

மனைவி துண்டுகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாள். மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், வந்தது கேள்வி.

"ஒரு நாளைக்கு எத்தனை அட்டை தைப்ப?"

"பன்னெண்டு. பரீட்சை நேரத்துல அம்மா விடமாட்டாங்க, எட்டோட நிறுத்திடுவாங்க."

"ஒரு அட்டைக்கு என்ன கொடுப்பான்?"

"அஞ்சு காசு."

அப்போது தொழிற்சாலை வாசலில் ஒரு டீ இருபது காசு. அதுவும் அவர் கையால் கொடுத்த காசுதான், அதில் பிழைக்கு இடமில்லை. தினமும் நாலு டீ குடிப்பார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து குனிந்து தைத்த பன்னிரண்டு அட்டையும் அவருடைய மூன்று டீக்குத்தான் காணும்.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றார். "நீ சொல்லு. அப்போ நான் வர்ற சத்தம் கேட்டா மூட்டையை என்ன பண்ணுவீங்க?"

மகள் சொல்ல ஆரம்பித்தாள்.