சொறிமீன் படத்தில் பாக்கியநாதனின் கை

1

இந்தக் கதைக்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு. பழைய போட்டோ ஒன்றில், ஓர் ஆளின் இடுப்பளவுக்கு ஒரு சொறிமீன். (படித்தவர்களுக்கு ஜெல்லிமீன்.) பார்த்ததும் "டூப்பு" என்றேன். காட்டியவரின் முகம் சுண்டிப்போயிற்று. பிராயச்சித்தமாக எழுதுகிறேன்.

"1973-இல் ஒரு காலை, எண்ணூர்க் கடல் நீலப் பட்டாக…"

வேண்டாம். கடலை வர்ணிக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

2

பாக்கியநாதனுக்குப் பொன்னேரியில் ஸ்டுடியோ. அன்று கடலோரத் தொழிற்சாலை ஒன்றில் (பெயர் எதற்கு, வம்பு) தொழிலாளிகளின் அடையாள அட்டைக்குப் படமெடுக்கப் போயிருந்தார். கடல்தண்ணீர் உள்ளே வரும் வழியில் ஓர் இரும்பு வலை. அதில் சேரும் குப்பையை வாருவது ஆசீர்வாதத்தின் வேலை. திடீரென்று தண்ணீர் நின்றது, மிஷின் நின்றது. வலையை அடைத்துக்கொண்டு அந்தச் சொறிமீன்! நாலு பேர் இழுத்துக் கரையில் போட்டார்கள். பாக்கியநாதன் ஆசீர்வாதத்தைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்.

மேலதிகாரிகள் வருவதற்குள் மீன் வெயிலில் கரைந்து தண்ணீராகிவிட்டது. குப்பையை வாராமல் ஆசீர்வாதம் தூங்கிவிட்டான் என்று குற்றச்சாட்டு எழுதினார்கள். இழுத்த நாலு பேரும் வேலைக்குப் பயந்து ஒதுங்க, மிஞ்சிய சாட்சி அந்தப் படம்தான்.

3

இனி கைவேலை பற்றிச் சொல்லியாக வேண்டும்.* தழும்பை அழிக்காமல், கறுப்பைக் கொஞ்சம் சிவப்பாக்காமல் பாக்கியநாதன் எந்தப் படத்தையும் வெளியே விட்டதில்லை. எதிர்வெயில் கூசி ஆசீர்வாதம் கண்ணை மூடியிருந்தான். பழக்கதோஷம், நெகட்டிவிலேயே பென்சிலால் இரண்டு கண்ணை வரைந்துவிட்டார். அழகான கண்கள்.

* அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. வரைந்த கண்ணோடு எத்தனையோ மாப்பிள்ளைகள் சுவரில் தொங்குகிறார்கள்.

4

விசாரணை அறை. படத்தோடு சாட்சி சொல்ல வந்த பாக்கியநாதனின் கையை வாசலிலேயே ஆசீர்வாதம் பிடித்துக்கொண்டான்.

"நீயே பாத்தியேண்ணே, எம்மாம் பெர்சு! தூங்கினேன்னு எய்திக்கினு குந்திக்கிறாங்க. வேலை பூடுச்சுன்னா மூணு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

உள்ளே திருவள்ளூர் கிருஷ்ணஸ்வாமி, விசாரணை அதிகாரி. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்மாத்து வைதேஹி கல்யாணப் போட்டோல மச்சத்தைக் காணாம அடிச்சவர் நீர்தானே? இதுல உம்ம கை எங்கேயாவது பட்டிருக்கா? ஒரே வார்த்தை."

பாக்கியநாதன் எட்டிப் படத்திலிருந்த அந்த அழகான கண்களைப் பார்த்தார்.

5

முடிவு ஒன்று: "இல்லை சார்" என்றார். நெகட்டிவைக் கேட்டால்? பென்சில் கோடு தெரிந்துவிடுமே.

முடிவு இரண்டு: "கண்ணு மட்டும் சார்" என்றார். கண்ணை வரைந்தவனுக்கு மீனை வரைய எவ்வளவு நேரம் ஆகும்?

முடிவு மூன்று: அந்த நேரம் பார்த்து வலையில் இன்னொரு சொறிமீன்… (எனக்கே வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

ஆகவே உங்களிடம் விடுகிறேன். இரண்டாம் பகுதியில் நான் சொன்னபோது மீனை நம்பினீர்கள். கண் பென்சில் என்று தெரிந்த பிறகும் நம்புகிறீர்களா? நம்பினால் பாக்கியநாதன் உண்மையையே சொல்லட்டும். ஒரு நிமிஷம் தயங்கியிருந்தாலும், தயவுசெய்து அவரைப் பொய் சொல்ல விட்டுவிடுங்கள்.

சீக்கிரம். கிருஷ்ணஸ்வாமி பேனாவைத் திறந்துவிட்டார்.