அறுபது ராத்தல் கல்

மத்திகிரிக்கு அப்பால் ஒரு பொட்டலில் நாற்பத்திரண்டு பேர் வந்து இறங்கினோம். மூன்று வாரம் கழித்துப் பதினோரு பேர் மிச்சம் இருந்தோம். மற்றவர்களை யாரும் துரத்தவில்லை. அவர்களாகவேதான் போனார்கள். ஒரு லாரி எப்போதும் எங்கள் பின்னாலேயே வரும். அதில் சூடாக டீ இருக்கும், உட்காரப் பலகை இருக்கும். எந்த நேரத்திலும் ஏறிக்கொள்ளலாம். ஏன் ஏறினாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஏறியவன் மறுநாள் தன் பழைய பட்டாளக் கம்பெனியில் இருப்பான். அந்த லாரியைப் போல ஒரு சண்டாள வண்டியை நான் பிறகு பார்த்ததில்லை.

அது ஐம்பத்தாறாம் வருஷம். பெங்களூர் சாப்பர் பட்டாளத்தில் நான் சிப்பாய். பாலம் போடுவது, பள்ளம் தோண்டுவது எங்கள் வேலை. பாராசூட் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். நாட்டுக்காகக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். அவர்கள் போடும் மெரூன் தொப்பி எனக்கு வேண்டும். ஏழு வருஷம் மண்வெட்டி பிடித்தவனை யாராவது ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த வெறிதான்.

ஓடச் சொல்வார்கள். எவ்வளவு தூரம் என்று சொல்ல மாட்டார்கள். "அந்தப் புளியமரம் வரைக்கும்" என்பார் ஹவில்தார். மரத்தைத் தொட்டால் "இது இல்லை, அடுத்தது" என்பார். அடுத்ததைத் தொட்டால் முகாமுக்குத் திரும்பி ஓடச் சொல்வார். முகாமில் சோறு போட்டு வைத்திருப்பார்கள். கை வைக்கப் போகும்போது விசில் ஊதும். தூங்க விடுவார்கள், ஒரு மணி நேரத்தில் எழுப்பி மரக்கட்டையைத் தோளில் ஏற்றிப் பதினேழு பெருக்கல் பதிமூன்று எவ்வளவு என்று கேட்பார்கள். எனக்குச் சாதாரணமாகவே அந்தக் கணக்கு வராது. இரண்டாவது வாரம் என் பேரைக் கேட்டபோது எண்ணைச் சொன்னேன், எண்ணைக் கேட்டபோது அழுதுவிட்டேன். வலி பழகிவிடும். இன்னும் எவ்வளவு என்று தெரியாமல் இருப்பது மட்டும் பழகவே இல்லை.

கடைசிப் பரீட்சை நெடுநடை. முதுகு மூட்டையில் அறுபது ராத்தல் கருங்கல். ஒவ்வொருவராகக் கால்மணி இடைவெளி விட்டு அனுப்பினார்கள். சட்டம் இரண்டுதான். வழியில் வெளியாட்கள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. உன் மூட்டையை வேறொருவன் ஓர் அடி கூடச் சுமக்கக் கூடாது. எங்கே முடியும் என்று வழக்கம்போலச் சொல்லவில்லை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை ரோட்டைப் பிடி, உத்தனப்பள்ளி தாண்டி ஆலமரத்தடியில் இருபது நிமிஷம் இளைப்பாறு, பிறகு நட. அவ்வளவுதான் உத்தரவு.

அந்த ஆலமரத்திலிருந்து அரை மைலில் என் ஊர். இதை ஹவில்தாரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை வேறு வழியில் அனுப்புவார்களோ, தள்ளியே விடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மதிய வெயிலில் மரத்தடிக்கு வந்து மூட்டையைக் கழற்றினேன். தோலும் சேர்ந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கெம்பம்மா, எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, என்னையே உற்றுப் பார்த்துவிட்டு மாட்டை விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் ஓடினாள். கூப்பிட்டு நிறுத்தலாம் என்றால் வாய் திறக்கக் கூடாதே.

பத்து நிமிஷத்தில் அப்பா வந்துவிட்டார். பேர் நாராயணப்பன். அறுபதைத் தாண்டிய ஆள். ஏர் பிடித்த கை மண்ணோடு அப்படியே வந்திருந்தார்.

"டேய் சம்பங்கி, நீயாடா? என்னாடா இது, எலும்புந்தோலுமா கெடக்கற?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கிய வேகத்தில் கீழே வைத்தார். வாரை அவிழ்த்து உள்ளே கையை விட்டு ஒரு கல்லை வெளியே எடுத்தார். அவர் முகம் கறுத்துப் போனது.

"கல்லாடா? கல்லைச் சுமக்க வச்சிட்டாங்களா? என்னா தப்பு பண்ண?"

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் இது புரியும். ஏரித் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் திருப்பியவன், அடுத்தவன் வயலில் மாட்டை விட்டவன், இப்படி எவனாவது பஞ்சாயத்தில் மாட்டினால் முதுகில் கல்லை ஏற்றி மாரியம்மன் கோயிலைச் சுற்ற வைப்பார்கள். அவன் முடியாமல் விழுந்தால் அவன் ரத்த சொந்தம் யாராவது வந்து மீதியைச் சுமக்கலாம். சுமந்து முடித்தால் தப்பு கழிந்தது. பிறகு அதைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசக் கூடாது. அப்பாவுக்குத் தெரிந்து முதுகில் கல் ஏறுவதற்கு வேறு காரணமே கிடையாது.

"சொல்லுடா சாமி. யாரையாச்சும் அடிச்சிட்டியா? எதையாச்சும் எடுத்துட்டியா?"

இல்லை என்று தலையசைத்தேன். வாய் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் ரோட்டில் எங்கேயோ லாரிச் சத்தம் கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். குற்றவாளி கூட அவ்வளவு அழுத்தமாக வாயை மூடியிருக்க மாட்டான். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, வெடித்துப்போன என் உள்ளங்காலைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சுகத்தில் நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது அப்பா இல்லை. மூட்டையும் இல்லை.

ரோட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். வெகு தூரத்தில், ராயக்கோட்டைப் பக்கமாக, ஓர் உருவம் இடுப்பு மடிந்து போய்க்கொண்டிருந்தது. வாரை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் மூட்டையைப் பிடரியில் ஏற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் ஓடினேன். அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. என் கனவெல்லாம் அங்கே நாசமாகிக்கொண்டிருக்க, என் உடம்பு சந்தோஷப்பட்டது. முதுகில் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததே இல்லை.

ஒரு மைலுக்கு மேல் போய்விட்டிருந்தார். நான் மூட்டையைப் பிடித்து இழுத்தபோது ஏதோ கத்தினேன், என்ன என்று நினைவில்லை. அவர் மூச்சு வாங்கியபடி ரோட்டோரம் குந்தினார்.

"ஏன்டா வந்த? நீ தூங்கு. ஊருக்கு ஊரு நம்ம வழக்கந்தான? அப்பன் சொமந்தா சர்க்காரு ஒத்துக்காதா?"

நான் மூட்டையை மாட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன்.

ராயக்கோட்டையில் இரண்டாவது நிறுத்தம். எனக்குக் கால்மணி பின்னால் கிளம்பிய யேசுராஜ் அங்கே என்னைப் பிடித்துவிட்டான். எலத்தகிரிப் பையன், நல்லவன். எங்களுக்குள் பேசத் தடை இல்லை.

"நான் பாத்தேன்டா" என்றான். "பெரியவரு யாரு, அப்பாவா?"

"ஆமா."

"லாரிக்காரன் பாக்கல. நான் எதையும் பாக்கல. நீயும் வாயத் தொறக்காத. மாதா மேல ஆணை, தொறந்தா ஒதப்பேன்."

மறுநாள் மத்தியானம் கிருஷ்ணகிரி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தேன். தராசு இருந்தது, மேஜர் இருந்தார், லாரி இருந்தது. முடிந்தது என்று ஒருவன் மூட்டையை இறக்கினான். "யார் சொன்னது முடிந்ததென்று? பர்கூர் வரைக்கும் நட" என்றார் ஹவில்தார். அவன் அப்படியே லாரிக்குப் போய் ஏறிக்கொண்டான். நாங்கள் திரும்பி நடந்தோம். நூறு கெஜம் போனதும் கூப்பிட்டார்கள். அதுதான் உண்மையான கடைசி. எட்டுப் பேர் நின்றோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூட்டைகளை நிறுத்தார்கள். என்னுடையது அறுபது ராத்தல், குறையே இல்லை. பிறகு மேஜர் ஒவ்வொருவராக முன்னால் நிறுத்தி இந்துஸ்தானியில் ஒரே கேள்வி கேட்டார். "இதை முழுக்க நீயே சுமந்தாயா?"

யேசுராஜ் "ஆமாம் சாப்" என்றான். அவனுக்கு ஒரு தொப்பியைக் கொடுத்தார்கள். அந்த நிறத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அன்றுதான் பார்த்தேன்.

என் முறை வந்தது. நான் அரிச்சந்திரன் இல்லை. பட்டாளத்தில் சேரும்போதே வயதைப் பொய் சொல்லிச் சேர்ந்தவன். "ஆமாம் சாப்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அப்பா ரோட்டில் இடுப்பு மடிந்து நடந்தது கண்ணில் நின்றது. ஆமாம் என்றால், அவர் சுமக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதை என்னால் சொல்ல முடியவில்லை.

"இல்லை சாப்" என்றேன். "ஒரு மைல் என் அப்பா சுமந்தார்."

யேசுராஜ் கண்ணை மூடிக்கொண்டான். மேஜர் திட்டவில்லை. "நீ முட்டாள்" என்றார், மெதுவாக, கிட்டத்தட்ட வருத்தத்தோடு. பிறகு லாரியைக் காட்டினார். டீ சூடாகத்தான் இருந்தது.

பழைய கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன் பத்து நாள் லீவு கொடுத்தார்கள். ஊருக்குப் போனேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார், கழுத்தைத் திருப்ப முடியவில்லை. என்னைப் பார்த்ததும் அந்த நிலையிலும் எழுந்துகொண்டார்.

"வுட்டுட்டாங்களா?"

"வுட்டுட்டாங்கப்பா."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில் கூட நான் பார்த்ததில்லை. வாசலுக்கு வந்து கெம்பம்மாவைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொன்னார். "நான் சொல்லல? அப்பன் சொமந்தா சர்க்காரு ஒத்துக்கும்னு! எம் மவன வுட்டுட்டாங்க பாரு!" கெம்பம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னாள். வழக்கப்படி என் தப்பு என்ன என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமலே என்னைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் நான் அவர் கழுத்துக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா மெல்லக் கேட்டார்.

"சொமந்தவன் கேக்கலாம். என்னாடா தப்பு பண்ண?"

ஒன்றும் பண்ணவில்லை, நானாகக் கேட்டு வாங்கிய கல் அது, அதைச் சுமந்து முடித்திருந்தால் உன் மகன் இன்று வேறு ஆளாக வந்திருப்பான். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. என் விரலுக்கடியில் அவர் பிடரி கன்றிப்போய் நீலமாக இருந்தது.

"காவலுக்கு நிக்கறப்ப தூங்கிட்டேன்பா" என்றேன்.

"தூங்கினதுக்கா அத்தினி கல்லு? பாவிங்க." பிறகு தலையணையில் முகத்தை வைத்தபடியே சொன்னார். "இன்னொருக்கா ஏதாச்சும் ஆயிட்டா, தனியா சொமக்காத. சொல்லியனுப்பு. நான் வந்துர்றேன்."

சரி என்றேன்.