எல்லாருக்கும் சொல்லும் விளக்கம்

யாரும் கேள்விப்படாத ஒரு பல்கலைக்கழகம், ஹோட்டல் மண்டபம் ஒன்றில் லோகேஸ்வரனுக்குச் சமூக சேவைக்காக டாக்டர் பட்டம் கொடுத்தது. அங்கியை அன்றே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பட்டம் மட்டும் அவரோடு ஜெலுத்தோங்கில் இருந்த வீட்டுக்கு வந்து, கேட்டிலும் காரின் பின்கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டத்துக்கு மசியாத ஜீவன் அவருடைய நாய்தான். அவர் வின்ஸ்டன் என்று பெயர் வைத்தார். மனைவி சின்னம்மா குண்டு என்றாள். நாய், குண்டு என்றால்தான் வந்தது. ஆனால் படுப்பதென்னவோ அவர் காலடியில்.

குண்டுவின் பின்னங்காலில் கட்டி வந்தது. இளம் மிருக வைத்தியர் குமுதா அமுக்கிப் பார்த்தாள்.

"மயக்கம் குடுத்து எடுத்திடலாம்லா. அதுக்கு முன்னாடி என்ன குடுக்கலாம், என்ன குடுக்கக்கூடாதுன்னு எல்லாருக்கும் ஒரு விளக்கம் சொல்லுவேன்..." என்றவள், கணினித் திரையில் அவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, நீங்களே டாக்டரா! உங்களுக்குப் போய்ப் பாடம் எடுக்க வந்தேனே."

மறுத்துச் சொல்ல நேரம் இருந்தது. லோகேஸ்வரன் அந்த நேரத்தில் காலரைச் சரிசெய்துகொண்டார். "பரவால்ல டாக்டர். நமக்குள்ள என்ன."

ஆப்பரேஷன் அன்று காலை குண்டு காலை ஊன்ற முடியாமல் முனகியது. அந்தச் சத்தம் அவருக்குத் தாங்கவில்லை. தன் முட்டிவலி மாத்திரையை எடுத்து அதன் தொண்டையில் தள்ளினார்.

"அந்த டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுங்களேன்," என்றாள் சின்னம்மா.

"என்னை யாருன்னு நெனச்சே?"

"நீங்க யாருன்னு எனக்கும் தெரியும், அந்த நாய்க்கும் தெரியும்."

கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. பழைய நாய்தான் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்ததெல்லாம் வாந்தியும் சோர்வும். அப்புறம் மூத்திரமும் நின்றது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்த குமுதாவின் முகம் மாறியது.

"சிறுநீரகம் ரெண்டும் போயிட்டிருக்கு. வீட்டுல ஏதாச்சும் வலி மாத்திர குடுத்தீங்களா?"

சொன்னார்.

"டாக்டர்... நீங்களா? நீங்க எந்தத் துறை?"

"சமூக சேவை."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பார்.

"நானும் கேட்டிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் டிரிப் ஏற்றினாள். இரவும் பகலும் ஏற்றினாள். கடைசியில் நாய் கிடந்த மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "இதுக்கு மேல அதைக் கஷ்டப்படுத்த வேணாம், சார்."

சார் என்றாள்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி," என்றார் லோகேஸ்வரன், "அன்னிக்கு விட்டுட்ட விளக்கத்தைச் சொல்லிடும்மா. எல்லாருக்கும் சொல்ற மாதிரியே."

"இப்ப எதுக்கு சார்?"

"சொல்லும்மா."

அவள் சொன்னாள். மயக்கத்தில் இரத்த அழுத்தம் இறங்கும். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும். அப்போது தன்னைக் காத்துக்கொள்ள அதற்கென்று ஒரு வழி உண்டு. இந்த மாதிரி வலி மாத்திரை அந்த வழியை அடைத்துவிடும். மனுஷன் மாத்திரை நாய்க்கு இன்னும் மோசம். அதனால், கேட்காமல் எதுவும் கொடுக்கக்கூடாது.

"கேட்காம எதுவும் குடுக்கக்கூடாது," என்று பள்ளிப் பிள்ளை போலத் திருப்பிச் சொன்னார். சின்னம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் குனிந்து, வாழ்நாளில் முதன்முறையாக, "குண்டு," என்றார்.

எழ முடியாத அந்த நாயின் வால் எஃகு மேசையில் தட்டியது. குமுதா ஊசியை எடுத்தாள். வால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.