ஈயம் கூடிப்போன மிதவை

"வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடச் சொல்லு. இந்த வண்டியில போனா நடுவழியில எரிஞ்சுதான் போவா" என்றான் அண்ணன் என்னிடம், ஞாயிற்றுக்கிழமை காலையில்.

தங்கைக்கு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நாற்பது கிலோமீட்டர் தூரம். அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வீட்டில் இருந்த ஒரே பழைய காரோ, எஞ்சினுக்கு எரிபொருள் ஊட்டும் கார்புரேட்டரில் பெட்ரோலைச் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் இரண்டு முறை அதைச் சரிசெய்திருந்தான். சரிசெய்வது என்றால் திருகாணியை இன்னும் இறுக்கி, மேலே பசையை அப்புவது. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் ரேடியோ பழுது பார்க்கிறவள், கார் தெரியாது. ஆனால் பசை அப்பிய எதையும் நான் நம்பமாட்டேன்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரைத் திறந்தேன். உள்ளே சின்னத் தொட்டி, அதில் ஒரு பித்தளை மிதவை. பெட்ரோல் ஏறும்போது அதுவும் ஏறி, வரும் வழியை அடைக்க வேண்டும். எடுத்துக் காதருகே குலுக்கினேன். சளக் சளக்கென்றது.

"இது மிதக்கலடி, குடிச்சிட்டுக் கிடக்கு" என்றேன் தங்கையிடம்.

சுடுநீரில் அமிழ்த்தியதும் ஓர் ஓரத்தில் குமிழி கிளம்பியது. ஓட்டை அங்கேதான். உள்ளே புகுந்த பெட்ரோல் ஆவியாகி வெளியேறி, குமிழி அடியோடு நிற்கும்வரை சுடுநீரை மாற்றிக்கொண்டே இருந்தோம். பிறகு குலுக்கிப் பார்த்து, வாடை போக வெயிலில் காயவைத்து, காருக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து ஈயத்தை உருக்கி ஓட்டையில் வைத்து அடைத்தேன். ரேடியோ வேலையில் பழகிய கை, தாராளமாகவே வைத்தது. திரும்ப மாட்டி எஞ்சினை ஓடவிட்டால், மறுபடி சொட்டு.

"நான்தான் சொன்னேனே" என்றான் அண்ணன், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"சொல்லிட்டே இரு. உனக்கு வேற என்ன வேலை?"

வாய்தான் பேசியது. உள்ளுக்குள் எனக்குப் பயம் வந்துவிட்டது. எஞ்சினை அணைத்து மறுபடி திறந்தேன். தங்கை மிதவையை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"அக்கா, ஈயம் கூடிப்போச்சு. இவ்வளவு கனத்தோட இது எப்படி மேல வரும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ரேடியோவில் யார் எடை பார்க்கிறார்கள்? அவளே அரத்தை எடுத்து உட்கார்ந்து, ஈயத்தைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிய தோலாக்கினாள். மாட்டி, அடியில் செய்தித்தாளை விரித்து, ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டோம். தாள் நனையவில்லை. அப்போதும் அண்ணன் குனிந்து தாளைத் தடவிப் பார்த்தான்.

திங்கள் காலை ஆறரைக்கு அவள் கிளம்பினாள். ஏழே முக்காலுக்கு போன் வந்தது. பேசி முடித்து போனை வைத்தேன்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். "எங்க நின்னுடுச்சாம்? நான் போய் இழுத்துட்டு வரணுமா?"

"வேண்டாம்" என்றேன். "அவ வேலையில சேர்ந்து கையெழுத்துப் போட்டுட்டா."