அணைவதற்கு ஒன்றரை நிமிடம்

அக்கா மறுபடியும் கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள். அணைகிறது என்று திரையில் புள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் இருண்டது.

"போறேன் போறேன்னு வாசல்லயே நின்னு பேசுற விருந்தாளி மாதிரி இருக்குடி இது. டியூஷன் எடுக்க யார் போறது?"

நேற்று இப்படிப் பிடுங்கியதில், அவள் பக்க வடிவமைப்பு செய்துகொண்டிருந்த புத்தகத்தின் கோப்பு கெட்டுப்போனது. இன்னொரு முறை தாமதமானால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். அக்காவின் கணவரான மாமா தன் பெட்டியையும் கணினியையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போன பிறகு, வீடு பெரும்பாலும் அந்த வேலையில்தான் ஓடுகிறது.

இந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்ததும் மாமாதான். நான் படித்தது இயற்பியல். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, பிளக்கைச் சொருகி, கணினி தானே எழுதிவைக்கும் பதிவுகளைத் திறந்தேன்.

அணைவதற்கு முன் ஒரு சிறிய நிரல், அன்றைய கோப்புகளை இன்னொரு கணினிக்கு நகலெடுக்கப் பார்க்கிறது. அங்கிருந்து பதில் வருவதில்லை. ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டுத்தான் இது அணைகிறது.

"எந்தக் கம்ப்யூட்டருக்கு?"

"மாமாவோடது."

அக்கா தோள்பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"தினமும் தேடுதா?"

"அணைக்கும்போதெல்லாம்."

"நல்லா தேடுச்சு போ."

நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த வரியை எடுத்துடவாக்கா? நகலை பென் டிரைவுக்கு மாத்திடலாம்."

அவள் குனிந்து அந்த வரியைப் படித்தாள். உதடுகள் அசைந்தன.

"அழிச்சா திரும்ப எழுதத் தெரியுமா உனக்கு?"

"அழிக்க வேணாம். முன்னாடி ஒரு குறி போட்டாப் போதும். வரி அப்படியே இருக்கும், கம்ப்யூட்டர் படிக்காது."

அக்கா தோள்பை வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி. குறியே போடு."

போட்டேன். அதன் கீழே பென் டிரைவுக்கான வரியை எழுதிச் சேமித்து, அணைத்தேன். நாங்கள் நிமிர்ந்து உட்காருவதற்குள் கணினியின் விசிறி நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கிளம்புக்கா, நேரமாச்சு."

"ம்" என்றாள். இருண்ட திரையில் தூசி படிந்திருந்தது இப்போதுதான் தெரிந்தது. அக்கா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் துடைக்கத் தொடங்கினாள்.