ஸ்தாத் நடுவில் அரக்குச் சேலை

பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று, கோவிந்தசாமியாகிய என்னைப் பார்ப்பதற்கென்றே முத்தியால்பேட்டைக்கு மேலே சற்று நின்று, குனிந்து, படம் பிடித்துக்கொண்டு போனது. நம்பாதவர்கள் ஊரில் நிறைய பேர். அதில் முதல் ஆள் அரிகிருஷ்ணன்.

அரிகிருஷ்ணன் முன்னாள் நடுவர். நான் மில் அணிக்கு ஆடிய காலத்தில் என் கோல்களில் பாதியை ஆஃப்சைடு என்று ஊதித் தள்ளிய புண்ணியவான். ஒருமுறை நான் உதைத்த பந்து வலையைக் கிழித்துக்கொண்டு போய், பக்கத்து ஊரான கோட்டக்குப்பத்தில் யார் வீட்டுக் குழம்புச் சட்டியிலோ விழுந்தது. அதற்கும் ஊதினான். மில்லிலிருந்து ஓய்வுபெற்று, மனைவி செல்வாம்பாளும் போய்ச் சேர்ந்த பிறகு, என் பேச்சைக் கேட்க மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். கேட்பான், நம்ப மாட்டான்.

மகன் இனியவன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரிசுக்குப் போனவன். ஞாயிறுதோறும் போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அதற்குமேல் இரண்டு பக்கமும் பேச்சு தீர்ந்துவிடும். இரண்டாயிரத்து ஆறில் ஒரு ஞாயிறு, குரலே வேறாக இருந்தது.

"அப்பா, கம்ப்யூட்டர்ல நம்ம ஊர மேலேர்ந்து பாக்கலாம். ரோடு, மாடி, தண்ணி டேங்க் எல்லாம் தெரியுது. நம்ம வீடுதான் அகப்படல. எல்லா மாடியும் ஒரே மாதிரி கெடக்குது."

"வீட்டத் தேடாத. ஸ்தாத்தத் தேடு," என்றேன்.

பிரெஞ்சுக்காரன் காலத்துக் கால்பந்து மைதானம் அது. எங்கள் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் 'ஸ்தாத்'தான். வானத்திலிருந்து அதை அடையாளம் காண்பது எப்படி என்று, ஏதோ தினமும் பறந்து போய் வருகிறவன் போல விளக்கினேன். தெருக்களெல்லாம் நூல் பிடித்தமாதிரி ஓட, அது மட்டும் தூக்கத்தில் புரண்டு படுத்த ஆள் மாதிரி கோணலாகக் கிடக்கும். மேற்கில் மட்டும் கூரை போட்ட கேலரி. சாயங்கால வெயில் துரைமார் கண்ணில் படக்கூடாதே. கிழக்கே ஜனங்களுக்கு வெறும் மண்மேடு. வடக்கு மூலையில் கொடி நட வேண்டிய இடத்தில் வட்டக் கிணறு.

"கோணலா... கெணறு... அப்பா, புடிச்சிட்டேன்பா."

அங்கிருந்து தெருத் தெருவாக நடத்திக் கூட்டி வந்து வீட்டில் விட்டேன். செல்வாம்பாள் போன பிறகு அந்த வீட்டில் அவ்வளவு நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்குப் பாரு. நடு வட்டத்துல நிப்பேன்."

நின்றேன். சலவை வேட்டி, குடை, வானத்தைப் பார்த்துக் கையாட்டல். சாயங்காலம் போன் வந்தது.

"யாருமே இல்லியேப்பா. மைதானம் காலியா இருக்குது."

அரிகிருஷ்ணன் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது. "யோவ், அது என்னா டிவியில காட்டுற மேட்சா? எப்பவோ எடுத்த படம்யா. மறுபடி எப்ப எடுப்பானோ."

"எடுக்கும்போது நான் அங்க இருப்பேன்."

"குடைக்குள்ள நிக்கிறவன் எவன்னு ஒம் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. பீரோவைத் திறந்து செல்வாம்பாளின் அரக்குச் சேலையை எடுத்தேன். பூச்சி அரிக்காமலிருக்க அதற்கு எப்படியும் வெயில் காட்ட வேண்டும். படத்தில் கேலரியின் நிழல் மேற்கே விழுகிறது, காலையில் எடுத்திருக்கிறார்கள் என்று இனியவன் சொல்லியிருந்தான். அதனால் தினமும் காலை வெயில் ஏறியதும் நடு வட்டத்தில் சேலையை விரித்து, மூலைக்கொரு செங்கல் வைத்து, பக்கத்தில் குடையோடு நிற்பேன்.

"துணி காயப்போட ஒங்க வீட்டுல மாடி இல்லியா, ஐயா?" என்றான் வாட்ச்மேன் அம்மாவாசை.

"ஹெலிகாப்டர் எறங்கப் போவுது. டில்லியிலேர்ந்து என்னைப் பொறுப்பா போட்டிருக்காங்க."

ஒரு வாரம் எனக்கு சல்யூட் அடித்தான்.

இனியவனிடமும் சொன்னேன். ஹெலிகாப்டரை அல்ல, உண்மையை. சிரித்தான். "ஒங்க கதைய அரிகிருஷ்ணன் மாமா சரின்னு சொல்லட்டும், நம்புறேன்." பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் மாதத்துக்கு ஒன்றானது. அப்புறம் தீபாவளி, பொங்கல் என்று ஆனது. நான் போவதை நிறுத்தவில்லை. மேலே பார்த்துக் கையாட்டினால் யாரும் பதிலுக்கு ஆட்டுவதில்லை என்பதைத் தவிர அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

சேலை வெளுக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், சுமலதா நடத்தும் பிரௌசிங் சென்டருக்கு வழக்கம்போல் படம் பார்க்கப் போனேன். கேலி செய்வதற்கென்றே அரிகிருஷ்ணனும் கூட வந்தான்.

"அங்கிள், படத்த மாத்திட்டாங்க," என்றாள் சுமலதா. "எங்க கடைக்கு எதிர்ல கட்டுன பில்டிங்கூட இதுல வந்திருக்கு."

ஸ்தாத்துக்கு நகர்த்தச் சொன்னேன். நடு வட்டத்தில் சிவப்பாக ஒரு கீற்று. பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

"ஆடு," என்றான் அரிகிருஷ்ணன். "மேஞ்சிக்கினு இருக்குது."

"ஆட்டுக்கு எதுக்குய்யா நான் செங்கல் வச்சி சேல விரிக்கிறேன்?"

அவன் பதில் சொல்வதற்குள் அங்கேயே இருந்த பூத்தில் பாரிசுக்கு எண்ணைச் சுழற்றினேன்.

"வேலையில இருக்கேன்பா. என்னா விஷயம்?"

"படம் மாறிடுச்சிடா. அதுல நான் இருக்கேன்."

"சரிப்பா. இருப்பீங்க. அப்புறமா பாக்குறேன்."

அந்த 'சரிப்பா'வை எனக்குத் தெரியும். புளுகுகிறவனை அழவிடாமல் கையில் கொடுக்கும் மிட்டாய் அது. இன்னொரு சமயமாக இருந்தால் செயற்கைக்கோளே எனக்கு வணக்கம் வைத்தது என்று அடித்து விட்டிருப்பேன். அன்றைக்கு ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன்.

அரிகிருஷ்ணன் படத்தைப் பெரிதாக்கு, பெரிதாக்கு என்று சுமலதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். திரை கட்டம் கட்டமாக உடைகிறவரை மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தான். எழுந்து வந்தான். என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினான்.

"இனியவா, அரிகிருஷ்ணன் மாமா பேசறேன். நான் பாத்துட்டேன்பா. உங்கம்மா சேலதான். பக்கத்துல நிக்கிறது உங்கப்பாதான்." அந்தப் பக்கத்தில் இனியவன் ஏதோ கேட்டான். திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "இல்லப்பா. கூட யாரும் இல்ல. அவ்ளோ பெரிய மைதானத்துல அவரு மட்டும்தான் நிக்கிறாரு."