கல் வைக்காத நடைபாவாடை

"கல்லு வெச்சிருந்தா இப்படி ஆயிருக்காதுன்னு நான் அன்னைக்கே..."

"நீங்க எங்கீங்க சொன்னீங்க? சக்கரம் கல்லுல ஏறிக் கவுந்துட்டா என்ன பண்றதுன்னு நாந்தான் கேட்டேன். நீங்க தலையாட்டுனீங்க."

"ஆட்டுனேன். ஆட்டுனது தப்புத்தான். அதைப் போயி அந்தம்மாகிட்டச் சொல்லியே ஆகோணுமா?"

1

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது. முகமில்லை, ஊரில்லை, சண்டை மட்டும். எனக்கு எந்தக் கதையும் முதலில் காதில்தான் விழும். ஆட்களைப் பிறகுதான் தேடிப் பிடிக்க வேண்டும். தேடினேன். ஆண் குரல் கைலாசம். பெண் குரல் அவன் மனைவி அங்கம்மாள். வெண்ணந்தூரில் தறி போட்டவர்கள். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்று வானம் தெளிவாக

(வேண்டாம். விமானம் விழுகிற கதைகளில் வானம் எப்போதும் தெளிவாகவே இருந்து தொலைக்கிறது.)

2

வெண்ணந்தூரில் பிறந்து அஸ்தம்பட்டியில் வளர்ந்த சண்முகவேல், மதராஸில் விமானம் ஓட்டப் பழகியிருந்தான். பிறந்த ஊரின் மேட்டுக்காட்டில் வந்து இறங்குகிறேன் என்று சொல்லியனுப்பினான். ஊர் கூடிப் பேசியது. அம்மன் புறப்பாட்டுக்கே மண் படாமல் துணி விரிக்கிறோம். ஆகாயத்திலிருந்து வருகிற நம் பிள்ளையை வெறும் மண்ணிலா இறக்குவது? அங்கம்மாள் தன் தறியில் நெய்த நீளத் துணியை நடைபாவாடையாக விரித்தாள். காற்றுக்குப் பறக்காமல் ஓரங்களில் கல் வைப்பது வழக்கம். அன்று மட்டும் வைக்கவில்லை.

விமானம் தாழ்ந்து வந்தது. துணி பறந்தது என்று முதலில் எழுதினேன். அங்கம்மாள் ஒப்பவில்லை. பறக்கவில்லையாம், ஆள் எழுந்திருப்பதுபோல எழுந்து நின்றதாம். முன்விசிறி அதைச் சுருட்டி இழுத்துக்கொண்டது. விமானம் மூக்கால் மண்ணைக் குத்திக் குப்புற விழுந்தது. சண்முகவேல் அங்கேயே போய்விட்டான்.

போலீஸ் வருவதற்குள் ஊரார் துணியைக் கிழித்தெடுத்து எரித்துவிட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓட்டியவனின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. குடித்திருப்பான் என்று சந்தையில் யாரோ சேர்த்துவிட்டார்கள்.

3

அதற்குப் பிறகு அங்கம்மாள் தறியில் உட்கார்ந்தால், காற்றே இல்லாத மத்தியானத்திலும் நெய்த துணி அவள் கைக்கடியில் மெல்ல எழும்பித் தாழும். மூச்சு விடுகிற வயிறு மாதிரி. கைலாசத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

(இந்த இடத்தில் மூன்றாவது குரல் ஒன்று நுழைந்தது. நான் அழைக்கவில்லை. "மேல இருந்து பாக்க வெள்ளையா, நேரா இருந்துச்சுங்கக்கா. எனக்குத்தான்னு தெரிஞ்சுது." அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்த தாளிலும் அதே இடத்தில், அதே மரியாதையோடு. செத்தவனுக்கு நான் பேச்சுக் கொடுப்பதில்லை. அவனாக எடுத்துக்கொள்கிறான்.)

4

சண்முகவேலின் தாய் முத்தாயம்மாள் இன்று வருகிறாள். அதற்குத்தான் அந்தச் சண்டை. ஊர் கூடி மறைத்ததை அவளிடம் சொன்னால் ஊரே கைலாசத்தின் மேல் திரும்பும். தறியைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லுவார்கள். சொல்லாவிட்டால் பழி அந்தப் பையன் தலையில் நிற்கும்.

ஒரு முடிவில் அங்கம்மாள் சொல்லிவிடுகிறாள், முத்தாயம்மாள் அவளை

இன்னொன்றில் மோர் கொடுத்து அனுப்பிவிடுகிறாள், அப்புறம் ஆயுசு முழுக்க

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. அங்கம்மாள் வாயைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே தறித்துணி எழும்புகிறது. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். வாசல்வரைக்கும் நான் கொண்டுவந்து விடுகிறேன்.

முத்தாயம்மாள் உள்ளே வரவில்லை. படியிலேயே நின்று கைலாசத்தைப் பார்த்து, பிறகு அங்கம்மாளைப் பார்த்து, தன்னைவிட இளையவளிடம் இரண்டு கையையும் கூப்பினாள்.

"எம்பையன் ஓட்டத் தெரியாம ஓட்டி உங்க எல்லாத்தையும் பயப்படுத்திப்போட்டான் அம்மிணி, நீங்கதான் அவன மன்னிக்கோணும்."